340 டொலருக்குப் பிரேசில் சீனி கொழும்புக்கு வருமா?

கேள்வி: புறக்கோட்டையில் சீனி, பருப்பு, மா மொத்த வியாபாரம் செய்கிறேன். இதுவரை இறக்குமதியாளர்களிடம் வாங்கித்தான் விற்றேன். துபாயிலுள்ள ஒரு தரகர் மூலமாக, பிரேசில் ஆலை ஒன்றின் ‘மேண்டேட்’, அதாவது விற்பனைப் பிரதிநிதி, என்று சொல்பவர் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறார். இக்கும்ஸா 45 (நிற அளவு; எண் குறையக் குறைய வெள்ளை கூடும்) வெள்ளைச் சீனி, மாதம் 12,500 தொன், 12 மாத ஒப்பந்தம். கப்பல் கூலி, காப்புறுதி சேர்த்துக் கொழும்பு வரை தொன்னுக்கு 340 டொலர். எங்கள் வங்கி முதலில் எம்.டி. 760 என்ற வங்கிச் செய்தி வழியாக ஸ்டாண்ட்பை எல்.சி. (காசு தருவதாக வங்கி தரும் உத்தரவாதம்) அனுப்ப வேண்டுமாம். அதன் பிறகு அவர்கள் 2 சதவீதப் பிணை தருவார்களாம். கூடவே ‘ஒதுக்கீட்டுக் கட்டணம்’ 18,500 டொலர். நானும் நான்கு பேரும் சேர்ந்து காசு போட யோசிக்கிறோம். கம்பனிக் கடிதத்தாளில் விருப்பக் கடிதமும் கடவுச்சீட்டுப் பிரதியும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இது மெய்யான வியாபாரமா? இல்லையென்றால் பிரேசில் சீனியை நேரே எடுக்க வேறு வழி உண்டா?

பதில்: 18,500 டொலரை அனுப்பாதீர்கள். ஸ்டாண்ட்பை எல்.சி. பற்றி வங்கியில் விண்ணப்பமும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியுள்ள ஒவ்வொரு விவரமும் பல வருடங்களாக உலகம் முழுக்கச் சுற்றிவரும் ஒரே அச்சில் வார்த்தது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விலையிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எதையும் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தாலே போதும்.

சுத்திகரித்த வெள்ளைச் சீனிக்கு உலக விலை என்று ஒன்று உண்டு. லண்டன் ஐ.சி.இ. சந்தையின் ‘இலக்கம் 5’ முன்பேர ஒப்பந்தம்தான் அது. ஒரு லொட் 50 தொன். துருவமானி அளவு (சீனியின் தூய்மை) குறைந்தது 99.8, ஈரம் 0.06 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது, நிறம் 45 இக்கும்ஸாவுக்கு மேற்படக் கூடாது. விலை, ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி அடுக்கிய நிலைக்கு உரியது. கடல் கூலி அதில் இல்லை. கச்சாச் சீனிக்கு நியூயோர்க்கின் ‘இலக்கம் 11’. அது இறாத்தலுக்கு எத்தனை அமெரிக்கச் சதம் என்று வரும். அதை 22.046ஆல் பெருக்கினால் தொன்னுக்கு டொலர் கிடைக்கும்.

கணக்குக்காக லண்டன் 500, நியூயோர்க் 20 சதம் என்று வையுங்கள். 20 சதம் என்றால் தொன்னுக்கு 441 டொலர். அதாவது சுத்திகரிக்காத கச்சாச் சீனியே பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் 441. அதைச் சுத்திகரித்து, 50 கிலோ மூட்டையில் கட்டி, கொள்கலனில் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொழும்பில் இறக்கி 340க்குத் தருகிறேன் என்கிறார் உங்கள் ஆள். சந்தை ஏறும், இறங்கும். இன்றைய எண்களை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். கொழும்பு வந்து சேரும் விலை அன்றைய இலக்கம் 5க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ‘ஆலையிலிருந்து நேரடி, அதனால் மலிவு’ என்பார்கள். 45 நிறச் சீனி கையில் உள்ளவர் வருடத்தில் ஐந்து தடவை (மார்ச், மே, ஓகஸ்ட், ஒக்டோபர், டிசம்பர்) அதை லண்டன் ஒப்பந்தத்தின் பேரிலேயே ஒப்படைத்துச் சந்தை விலையை வாங்கிவிடலாம். முகம் தெரியாத ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் 160 டொலர் தள்ளுபடி தர அவருக்கு என்ன அவசியம்?

அடுத்தது அளவு. மாதம் 12,500 என்றால் வருடத்துக்கு 150,000 தொன். இலங்கை ஒரு வருடத்தில் உண்ணும் சீனியில் கிட்டத்தட்டக் கால்பங்கு. ஒரு 20 அடிக் கொள்கலனில் பிரேசிலில் வழக்கமாக 540 மூட்டை, அதாவது 27 தொன் ஏற்றுவார்கள். ஒரு மாத அளவுக்கே 463 கொள்கலன் வேண்டும். உங்கள் களஞ்சியத்தின் சதுர அடி எவ்வளவு, லொறி எத்தனை என்று அவர் ஒரு தடவையாவது கேட்டாரா? மெய்யான விற்பனையாளர் முதலில் கேட்பது அதைத்தான். 12,500 என்ற எண்ணும், 12 மாதச் சுழற்சியும், 2 சதவீதப் பிணையும் இந்தப் போலிக் கடிதங்களில் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வருபவை.

பிரேசிலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உலகின் மிகப் பெரிய சீனி ஏற்றுமதி நாடு அதுதான். 2024இல் ஏறத்தாழ 380 இலட்சம் தொன் வெளியே போனது. ஆனால் அதில் பெரும்பகுதி வி.எச்.பி. எனப்படும் கச்சாச் சீனி. மூட்டையில்லாமல் கப்பல் வயிற்றில் கொட்டி அனுப்புவார்கள். சாவோ பாவுலோ மாநில ஆலைகள் பல இந்தக் கச்சாச் சீனியையும், உள்ளூருக்கு ‘கிரிஸ்தால்’ என்ற வெள்ளைச் சீனியையும்தான் செய்கின்றன. கிரிஸ்தாலின் நிறம் 150 இக்கும்ஸா அளவில் இருக்கும். 45 நிறம் வர வேண்டுமானால் சீனியைத் திரும்பக் கரைத்து, நிறம் நீக்கி, மறுபடி படிகமாக்க வேண்டும். அந்த வசதி எல்லா ஆலையிலும் இல்லை. பிரேசிலின் கச்சாச் சீனி துபாய் ஜெபல் அலி, அல்ஜீரியா, மலேசியா, இந்தியாவின் காண்ட்லா, காக்கிநாடா போன்ற துறைமுகச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய் அங்கேதான் 45 ஆகிறது. கச்சாச் சீனிக்கும் வெள்ளைச் சீனிக்கும் இடையிலான விலை வித்தியாசம்தான் அந்த ஆலைகளின் பிழைப்பு. ஆகவே ‘பிரேசில் ஆலையின் 45’ என்று கண்ட இடமெல்லாம் கொட்டிக் கிடக்கிறது என்ற எண்ணமே பிழை.

அவர்கள் அனுப்பிய தர விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். ‘கரைதிறன் 100 சதவீதம்’, ‘கதிரியக்கம் சாதாரணம்’, ‘மணம் இல்லை’ என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். முழுதாகக் கரையாத சீனியை யார் விற்கிறார்கள்? வியாபாரத்தில் உள்ளவர்கள் கேட்பது துருவமானி அளவு, ஈரம், நிறம், சாம்பல், படிகத்தின் பருமன், கந்தக டைஒக்சைட்டு, அறுவடைப் பருவம். அவ்வளவுதான்.

இனி ஸ்டாண்ட்பை எல்.சி. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் பயம் தருவது 18,500 டொலர் அல்ல, இதுதான். சாதாரண ஆவண எல்.சி. எம்.டி. 700இல் போகும். கப்பலில் ஏற்றிய பி.எல். (கப்பல் கம்பனி தரும் ஏற்றுச் சீட்டு), பரிசோதனைச் சான்றிதழ், விலைப்பட்டியல் என்று நீங்கள் கேட்ட கடதாசிகளைக் கொண்டுவந்து வைத்தால்தான் வங்கி காசு கொடுக்கும். எம்.டி. 760இல் போகும் ஸ்டாண்ட்பையில், ‘வாங்குபவர் காசு தரவில்லை’ என்று பெறுநர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே வங்கி கொடுத்தாக வேண்டிய நிலை வரலாம். சீனி ஏறியதா என்பதை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு மாத அளவுக்கு 12,500 × 340 = 42.5 இலட்சம் டொலர். அவர்கள் தருவதாகச் சொல்லும் 2 சதவீதப் பிணை 85,000 டொலர், அதுவும் உங்களுடையது போன பிறகு. தராசின் இரண்டு தட்டையும் பாருங்கள். ‘எம்.டி. 799 மட்டும் அனுப்புங்கள், அது வெறும் தகவல்தானே’ என்று இறங்கி வருவார்கள். 799 வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான சுதந்திர வடிவச் செய்தி. அது யாருக்கும் காசு தரும் வாக்குறுதி ஆகாது. ஆனால் அதில் உங்கள் வங்கி எழுதும் வரிகளை வைத்து வேறொருவரிடம் ‘இதோ எங்கள் வாங்குபவர்’ என்று காட்டுவார்கள். வங்கி ஆறுதல் கடிதம் (வாங்குபவரிடம் காசு உண்டு என்று வங்கி எழுதித் தருவது) கேட்பதும் அதற்குத்தான்.

ஒதுக்கீட்டுக் கட்டணத்தைக் கட்டினால் அதோடு நிற்காது. அடுத்து ஒப்பந்தத்தை வர்த்தகச் சபையில் பதிய ஒரு தொகை, பிறகு பரிசோதனைக் கட்டணம், பிறகு துறைமுகத்தில் கொள்கலன் தேங்கிவிட்டது என்று இன்னொரு தொகை. ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சிறிதாக இருக்கும், ‘இவ்வளவு கட்டிவிட்டோம், இதையும் கட்டுவோம்’ என்று தோன்றும் அளவில்.

இந்த ஆளை விட்டுவிடுங்கள். நாளைக்கு வேறொருவர் வந்தால் எப்படிச் சோதிப்பது? பிரேசிலில் பதிந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சி.என்.பி.ஜே. என்ற 14 இடப் பதிவெண் உண்டு. அதைக் கேளுங்கள். பிரேசில் வரித் திணைக்களமான ‘ரெசெய்தா ஃபெடரால்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே நான்கு விஷயம் கவனியுங்கள்: தொடங்கிய தேதி, நிலை ‘அத்திவா’ (இயங்குகிறது) என்று உள்ளதா, மூலதனம், தொழில் குறியீடு. கச்சாச் சீனி உற்பத்திக்கு 1071-6/00, கரும்புச் சீனி சுத்திகரிப்புக்கு 1072-4/01, சீனி மொத்த வியாபாரத்துக்கு 4637-1/02. எட்டு மாதத்துக்கு முன் சொற்ப மூலதனத்தில் தொடங்கிய, உடுப்பு விற்கும் குறியீடு உள்ள கம்பனி மாதம் 12,500 தொன் அனுப்பாது. இதில் ஒரு எச்சரிக்கை: பதிவெண் மெய்யாகவே பெரிய ஆலையுடையதாக இருந்து, பேசுபவர் அந்த ஆலைக்கே சம்பந்தமில்லாதவராகவும் இருப்பார். ஆகவே அவர் தந்த தொலைபேசியை விட்டுவிட்டு, ஆலையின் சொந்தத் தளத்திலுள்ள எண்ணுக்குப் பேசி, ஏற்றுமதிப் பிரிவில் அந்தப் பெயரில் ஆள் உண்டா என்று கேளுங்கள். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘டொட் கொம் டொட் பி.ஆர்.’ என்று முடியும் பெயரைப் பதியப் பிரேசில் வரி எண் வேண்டும். வெறும் ‘டொட் கொம்’ யாரும் வாங்கலாம்.

‘பொருள் இருப்புச் சான்று’ என்று பரிசோதனை நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு தாள் வரும். அதிலுள்ள சான்றிதழ் எண்ணை எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ், இன்டர்டெக் எதுவோ, அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கே அனுப்பி உறுதி கேளுங்கள். பழைய, மெய்யான சான்றிதழில் தேதியை மட்டும் மாற்றிய தாள்களே அதிகம். கொள்கலன் எண் தந்தால் கப்பல் கம்பனியின் தளத்தில் தேடுங்கள். கப்பல் பெயர் தந்தால் 7 இலக்க ஐ.எம்.ஓ. எண்ணை வைத்து அது இப்போது எந்தக் கடலில் நிற்கிறது என்று பார்க்கலாம். பொருள் மெய்யாகவே ஏற்றப்பட்டிருந்தால் பிரேசில் சுங்கத்தின் டி.யூ.-ஈ. என்ற ஏற்றுமதிப் பிரகடன எண்ணும் இருக்கும்.

சரி, நேரான வழி என்ன? முதலில் உங்கள் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து கொள்கலன், 135 தொன். இந்த அளவுக்குப் பிரேசில் ஆலை நேரே விற்பது அரிது. துபாய், சிங்கப்பூர், இந்தியாவிலுள்ள வர்த்தக நிறுவனங்கள் விற்கும். அவர்கள் சாந்தோஸ் சீனியும் தருவார்கள், தாய்லாந்துச் சீனியும் ஜெபல் அலிச் சீனியும் தருவார்கள். மூன்றுக்கும் கொழும்பு விலை கேளுங்கள். சாந்தோஸ் கொள்கலன் வேறு துறைமுகத்தில் கப்பல் மாறி வருவதால் ஒரு மாதத்துக்கு மேல், சில வேளை ஒன்றரை மாதம் எடுக்கும். பக்கத்துச் சீனி அதில் பாதி நாளில் வந்துவிடும். அந்த நாட்களில் சந்தை இறங்கினால் நட்டம் உங்களுடையது. இரண்டு கொள்கலன் 54 தொன், லண்டன் ஒரு லொட்டுக்குக் கிட்ட வரும் என்பதால் பெரிய இறக்குமதியாளர் முன்பேரத்தில் விற்றுத் தன்னைக் காத்துக்கொள்வார். உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் களஞ்சியத்தில் மூன்று கிழமையில் விற்கக்கூடிய அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். இந்தியச் சீனி ஏன் எப்போதும் கிடைப்பதில்லை என்றால், 2022 ஜூன் 1இல் அங்கே ஏற்றுமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் போடப்பட்டது. 2023-24 பருவத்தில் ஆலைகளுக்கு ஒதுக்கீடே தரவில்லை. 2025 ஜனவரியில்தான் 10 இலட்சம் தொன்னுக்கு அனுமதி வந்தது. இந்தியாவில் செய்த எஸ்-30 ரகம் என்று யாராவது தந்தால் அது 100 முதல் 150 நிறம். 45 என்று நினைத்து விலை பேசாதீர்கள்.

மெய்யான விலைக்குறிப்பு இப்படி இருக்கும்: ‘லண்டன் டிசம்பர் மாதத்தின் மேல் இத்தனை டொலர்’ அல்லது ஒரே தொகையாக, இன்று மாலை வரை செல்லும் என்ற குறிப்போடு. ஒரு வருடத்துக்கு மாறாத விலை என்பது இந்தச் சந்தையில் இல்லை. ஒப்பந்தம் லண்டன் ரிஃபைன்ட் சுகர் அசோசியேஷன் விதிகளின்படி என்று இருந்தால் நல்லது. 1891இல் தொடங்கிய அமைப்பு. பிணக்கு வந்தால் லண்டனில் நடுவர் தீர்ப்பு. அந்த வகை ஒப்பந்தங்களில் நிறையும் தரமும் ஏற்றும் இடத்தில் எடுத்த சான்றிதழோடு முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கொழும்பில் திறந்து பார்த்து ‘நிறம் மங்கல்’ என்றால் கேட்க இடமிராது. அதனால் ஏற்றும் இடத்தில் மாதிரி எடுக்கும் சேர்வேயர் (பரிசோதகர்) நீங்கள் பெயர் சொன்னவராக, கூலி நீங்கள் கொடுப்பவராக இருக்கட்டும். ஐந்து கொள்கலனுக்கு அது பெரிய செலவில்லை.

ஆவணங்களைக் கண்டவுடன் செலுத்தும், மீளப்பெற முடியாத ஆவண எல்.சி. திறவுங்கள். அதில் கேட்க வேண்டியவை: கப்பலில் ஏற்றியதாகக் குறித்த, குறை எழுதாத பி.எல். மூன்று மூலமும், நீங்கள் சொன்ன சேர்வேயரின் நிறை, தர, கொள்கலன் துப்புரவுச் சான்றிதழ், மூலநாட்டுச் சான்றிதழ், மூட்டை எண்ணிக்கை, கொள்கலன் எண், சீல் எண் உள்ள பட்டியல். எல்.சி. இருந்தால் பயமில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். எல்.சி.களுக்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600இன் 5ஆம் பிரிவுப்படி வங்கி கையாள்வது கடதாசியை, பொருளை அல்ல. 34ஆம் பிரிவுப்படி அந்தக் கடதாசி போலியாக இருந்தாலும் வங்கி பொறுப்பில்லை. சேர்வேயரை நீங்களே அமர்த்துவது இதற்கும் சேர்த்துத்தான். சான்றிதழின் பிரதியை அவர் அலுவலகமே உங்களுக்கு நேரே மின்னஞ்சல் செய்யட்டும். வங்கிக்கு வந்த தாளோடு ஒத்துப் பாருங்கள்.

காப்புறுதியில் பலர் விழுவார்கள். சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலை) என்று வாங்கினால், சர்வதேச வர்த்தக விதிகளான இன்கோடேர்ம்ஸ் 2020இன்படி விற்பவர் எடுத்துத் தர வேண்டியது ‘சி’ வகைக் காப்புறுதி மட்டும். தீ, கப்பல் மோதல், கரை தட்டல் போன்றவற்றுக்குத்தான் அது காசு தரும். சீனியைக் கெடுப்பதோ ஈரம். சி.எஃப்.ஆர். (காப்புறுதி சேராத) விலைக்கு வாங்கி, கொழும்பிலேயே இன்னும் பரந்த ‘ஏ’ வகைக் காப்புறுதியை விலையின் 110 சதவீதத்துக்கு நீங்களே எடுங்கள். ஆனால் கொள்கலன் வியர்வையை ‘ஏ’ வகையிலும் சில கம்பனிகள் தகராறு செய்யும். பத்திரத்தில் அதைத் தனியே எழுதி வாங்குங்கள்.

அந்த வியர்வை எப்படி வருகிறது? சாந்தோஸில் வெப்பத்தில் மூடிய கொள்கலன் தெற்கு அத்திலாந்திக்கின் குளிரில் போகும்போது உள்ளே உள்ள ஈரம் கூரையில் நீர்த்துளியாகித் திரும்ப மூட்டை மேல் சொட்டும். ஆலையில் சீனியை நன்றாக ஆறவிடாமல் சூட்டோடு மூட்டை கட்டியிருந்தால் ஈரம் மூட்டைக்குள்ளேயே நகர்ந்து கல்லாக இறுகிவிடும். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: உள்ளே பொலித்தீன் உறையுள்ள புதிய நெய்பைகள், கொள்கலன் சுவரிலும் கூரையிலும் கிராஃப்ட் தாள், ஈரம் உறிஞ்சும் பைகள், முன்பு தோல், இரசாயனம், மீன் ஏற்றாத, ஓட்டையில்லாத பெட்டி. சேர்வேயர் உள்ளே நின்று கதவை மூடச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்; கூரையில் ஊசித் துளை இருந்தாலும் தெரிந்துவிடும். சீனி மணத்தை இழுக்கும் பொருள். மிளகு வந்த பெட்டியில் ஏற்றினால் தேநீரில் தெரியும்.

கொழும்புக் கணக்கில் இன்னொரு பெரிய எண் இருக்கிறது. சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக இறங்கி, 2023 நவம்பரில் ஒரே அறிவிப்பில் மறுபடி 50 ரூபாய் ஆனது. 50 ரூபாய் என்றால் 27 தொன் பெட்டிக்கு 13.5 இலட்சம், ஐந்து பெட்டிக்கு 67.5 இலட்சம் ரூபாய். சீனி விற்ற காசு வருமுன் கட்ட வேண்டிய பணம் இது. எல்.சி. திறக்கும் நாளில் உள்ள விகிதத்தைச் சுங்கத்தில் கேளுங்கள். பெட்டி கடலில் இருக்கும்போது அது மாறலாம் என்றும் கணக்கில் வையுங்கள். பணம் புரளாமல் பெட்டி துறைமுகத்தில் நின்றால் நாள் வாடகை ஏறும். விலை பேசும்போதே கொழும்பில் 14 அல்லது 21 இலவச நாள் கேட்டு பி.எல்.இல் எழுதச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஏற்கெனவே அனுப்பிய கடிதத்தைப் பற்றி: விருப்பக் கடிதம் பெரும்பாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கடிதத்தாளும் கையொப்பமும் அவர்கள் கையில் இருக்கின்றன. ‘அந்தக் கடிதத்தை விலக்கிக்கொள்கிறேன், என் பெயரையோ வங்கி விவரத்தையோ யாருக்கும் காட்ட அனுமதியில்லை’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியின் வர்த்தகப் பிரிவு அதிகாரியிடம் நேரில் போய், உங்கள் பெயரில் எந்த ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையிலான செய்தி) விசாரணை வந்தாலும் உங்களைக் கேட்காமல் பதில் போக வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். கூட்டாளிகள் நால்வருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்களிடம் நடக்காவிட்டால் அடுத்த அழைப்பு அவர்களில் ஒருவருக்குத்தான் வரும்.